இரண்டு இருக்கையிலிருந்து ஐந்து இருக்கைக்கு

புனே நகரில் நாங்கள் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்த இருபது ஆண்டுகளில் 2012 முதல் எட்டு ஆண்டுக் காலம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றிருந்தது. ஜெர்மனியில் பிறந்தது; இரண்டே இருக்கைகள் கொண்டது; ஒரு பொத்தானை அழுத்தினால் கூரை தானாக மடிந்து டிக்கிக்குள் போய் ஒடுங்கிக் கொள்ளும் தன்மையது. இன்று அந்த இடத்தில் நிற்பது நீண்டு கிடக்கும் ஒரு ஸ்டேஷன் வாகன். எங்களைப் பெருஞ்செல்வர்கள் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். இரண்டையும் பிறர் ஓட்டிக் கழித்த பிறகே வாங்கினோம். அந்த மாற்றம் ஏன் நேர்ந்தது, அதில் நாங்கள் இழந்தது எது, பெற்றது எது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல நினைக்கிறோம். பிறந்த ஊரை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு வாழ்கிற நம்மவர் பலருக்கும் இது பயன்படலாம்.

முதலில் பழைய வண்டியின் பெருமையைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். விற்றுவிட்ட பிறகு ஒரு பொருளைக் குறை கூறுவது எளிது. அந்த எளிமைக்கு நாங்கள் ஆளாக விரும்பவில்லை. நீண்ட முகப்பு, அதன் அடியில் வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர்கள், முந்நூறுக்கு மேற்பட்ட குதிரைத்திறன். ஓட்டுபவர் அமர்வது ஏறக்குறையப் பின் ஆக்சிலுக்கு மேலே. ஆகவே வளைவில் வண்டியின் பின்புறம் சிறிது விலகினாலும் அந்தச் செய்தி கண்ணுக்கு எட்டுமுன் இடுப்புக்கு எட்டிவிடும். சாதாரணக் காரில் முன் சக்கரங்களுக்கு அருகே அமர்ந்து பழகியவர்களுக்கு இந்த உணர்ச்சி புதிது. மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், பொழுது புலருமுன் தாம்ஹிணி மலைப்பாதைக்குப் போவோம். மழை விட்டிருக்கும் நேரம் பார்த்துக் கூரையைத் திறந்துவிட்டால், அருவி விழும் ஓசையும் எஞ்சினின் ஓசையும் மாறி மாறிக் காதில் விழும். ஈர மண்ணின் வாசனை வண்டிக்குள்ளேயே வந்து அமர்ந்துகொள்ளும். அந்த இன்பத்தை வேறு எந்த வண்டியும் எங்களுக்குத் தந்ததில்லை. இனித் தரப்போவதும் இல்லை.

அதன் குறைகள் எங்களுக்கு முதலிலிருந்தே தெரிந்தவைதாம். கூரை மடிந்து உள்ளே போய்விட்டால் டிக்கியில் ஒரு சிறு கைப்பெட்டிக்கே இடம் இருக்கும். வேகத்தடைகளைக் கண்டால் ஒரு சக்கரமாகச் சாய்த்து ஏற்றிக் குறுக்காகக் கடக்க வேண்டும். இல்லையேல் வயிறு தரையில் உராயும். இவற்றையெல்லாம் நாங்கள் பொருட்படுத்தவில்லை. இளமையின் செருக்கு என்று சொல்லலாம். நாங்கள் அப்போது அவ்வளவு இளையவர்களும் அல்லர்.

எங்களோடு ஓர் அம்மாள் இருக்கிறார். எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார். வண்டி வந்த அன்று வாசலுக்கு வந்து அதைச் சுற்றிப் பார்த்தவர், "இதில் நான் எங்கே உட்கார்வது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கு ரயில் இருக்கிறதே, அம்மா" என்று சிரித்தபடி பதில் சொன்னோம். அவரும் சிரித்தார். அதன்பின் ஆறு ஆண்டுகள் அவர் ஊருக்கு ரயிலில்தான் போய்வந்தார். நாங்கள் இருவரும் காரில் போவோம். அவரை அழைத்துவர ரயில் நிலையத்துக்கு வேறு வண்டி அமர்த்திக்கொண்டு போவோம். அது விசித்திரமான ஏற்பாடு என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

2018-ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு நாட்கள் இருக்கையில், மாலை ஏழு மணிக்குத் திருச்சியிலிருந்து செய்தி வந்தது. அம்மாளின் தமையனார் காலமாகிவிட்டார். தகப்பனார் மறைந்தபின் தங்கையை வளர்த்துப் படிக்க வைத்து மணம் செய்துகொடுத்தவர் அவர். பண்டிகை வாரமாதலால் ரயிலிலும் இடமில்லை, விமானத்திலும் இடமில்லை. வாடகைக் காருக்குக் கேட்ட இரண்டு இடங்களிலும் அத்தனை தூரம் வர ஓட்டுநர் கிடைக்கவில்லை. வாசலில் நின்றதோ மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் போகக்கூடிய வண்டி. ஆனால் அதில் இருவருக்கே இடம். ஆகவே அம்மாளும் எங்களில் ஒருவரும் புறப்பட, மற்றவர் வீட்டில் தங்க நேர்ந்தது.

இங்கேதான் அந்த வண்டியின் கணக்குப் பொய்த்தது. புனேயிலிருந்து திருச்சி ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கோலாப்பூர், பெளகாவி, ஹுப்ளி, சித்ரதுர்கா, பெங்களூர், சேலம், நாமக்கல் என்று போகும் பாதை. ஓட்டுநர் இருவர் மாற்றி மாற்றி ஓட்டினால் இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டவர்கள் மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்குள் போய்ச் சேரலாம். ஓட்டுபவர் ஒருவரே ஆனால், குதிரைத்திறன் எத்தனை இருந்தாலும் கண்ணிமை அதற்குக் கட்டுப்படாது. ஹுப்ளியைத் தாண்டியதும் விடியற்காலை நான்கு மணிக்கு வண்டியை நிறுத்தி மூன்று மணி நேரம் உறங்க வேண்டியதாயிற்று. அது மட்டுமன்று. அந்த இருக்கை தரையிலிருந்து ஒரு நாற்காலியின் உயரம்கூட இல்லை. காலை நீட்டியபடி அமர வேண்டும். எழும்போது உடலின் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்கும். எழுபத்து நான்கு வயதில், வாதம் கண்ட முழங்கால்களோடு, ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஒருமுறை இறங்கி நடந்து மீண்டும் அதனுள் இறங்கி அமர்ந்தார் அம்மாள். பகல் பொழுது அதிலேயே கரைந்தது. பெங்களூரைக் கடந்துகொண்டிருக்கையில் தொலைபேசி வந்தது. இனியும் வைத்திருக்க இயலாது என்றார்கள். இரவு ஒன்பது மணிக்குத் திருச்சி வீட்டு வாசலில் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்து வீடு கழுவி விட்டிருந்தார்கள்.

அம்மாள் எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

அந்த வண்டியை உடனே விற்றுவிட்டோம் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். உண்மையில் ஓராண்டுக்கு மேல் தயங்கினோம். தயக்கத்துக்குக் காரணம், அதன் இடத்தில் எதை வைப்பது என்பதே. இந்நாளில் நம் நாட்டில் குடும்பத்துக்கென்று பலரும் வாங்குவது உயரமான எஸ்.யூ.வி. வண்டிகளை. அவற்றில் இரண்டை ஓட்டிப் பார்த்தோம். ஏறி இறங்க வசதி, இடமும் தாராளம். ஆனால் வளைவில் திருப்பும்போது நாங்கள் பழகியிருந்த அந்த உறுதி அவற்றில் இல்லை. இதற்கான காரணம் எளியது. வளைவில் செல்லும் வண்டியின் பாரம் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது வண்டியின் ஈர்ப்பு மையம் எத்தனை உயரத்தில் இருக்கிறது, சக்கரங்களுக்கிடையே எத்தனை அகலம் இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. மையம் உயர்ந்தால் சாய்வு மிகும். வெளிப்பக்க டயர்கள் மிகையாக உழைக்கும். காற்றின் தடையும் அப்படித்தான். முகப்பின் பரப்பு பெருகப் பெருகத் தடை பெருகும்; வேகம் எண்பதிலிருந்து நூறுக்கு உயர்ந்தால் அந்தத் தடை ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது.

இந்த இரண்டு குறைகளுக்கும் தப்பி, இடத்தையும் தருகிற வண்டி ஒன்று உண்டு. ஒரு செடானை எடுத்து, அதன் கூரையை மட்டும் பின்சக்கரங்களுக்கும் அப்பால் வால்வரை நீட்டிவிடுங்கள். உட்காரும் உயரம் மாறாது; முகப்பின் பரப்பு மாறாது; ஈர்ப்பு மையம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கூடுவதெல்லாம் சிறிது தகடும் கண்ணாடியும். ரயில் நிலையத்திலிருந்து பிரயாணிகளையும் அவர்கள் மூட்டைகளையும் ஏற்றிப் போகப் பிறந்ததால் அமெரிக்கர் இதற்கு ஸ்டேஷன் வாகன் என்று பெயரிட்டனர். ஆங்கிலேயர் எஸ்டேட் என்பர். ஜெர்மானியர் கோம்பி என்பர். நம்மூரில் எதுவானாலும் "வேன்" என்றுவிடுவார்கள்.

ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து இதற்கு வந்தவர்களில் நாங்கள் முதல்வர் அல்லர் என்று படித்தபோது எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. இங்கிலாந்தில் ஆஸ்டன் மார்ட்டின் கம்பெனியின் உரிமையாளராக இருந்த டேவிட் பிரவுன், தம் கம்பெனியே செய்த டிபி5 என்ற அழகிய காரைத்தான் ஓட்டிவந்தார். வேட்டைக்குப் போகும் மனிதர். நாயையும் தளவாடங்களையும் ஏற்ற அதில் இடமில்லை. தம் நாயைத் தொழிற்சாலைக்கே கொண்டுபோய், இது உட்கார ஒரு வண்டி செய்து கொடுங்கள் என்று சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், 1960-களின் நடுவில் அந்த டிபி5 வண்டிக்கு நீண்ட கூரையும் பின்கதவும் வைத்து அவருக்கென ஒன்று செய்யப்பட்டது. அதைக் கண்டு மற்றவர்களும் கேட்கவே, ஹரோல்ட் ராட்போர்ட் என்ற கூடு கட்டும் கம்பெனியார் சுமார் ஒரு டஜன் வண்டிகள் செய்து கொடுத்தனர். நாய்க்காக மனம் இரங்கி வண்டியை மாற்றினார் அவர். நாங்கள் மாமியாருக்காக மாற்ற அவரைவிட அதிகக் காலம் எடுத்துக்கொண்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

சுவீடனில் வால்வோ கம்பெனியார் தங்கள் பி1800 என்ற ஸ்போர்ட்ஸ் காரை இவ்வாறே நீட்டி, பின்புறம் முழுதும் கண்ணாடிக் கதவாக அமைத்து, 1972, 73 ஆகிய ஆண்டுகளில் எண்ணாயிரத்துக்குச் சற்று அதிகமாகச் செய்தனர். ஜெர்மானியர் அதைப் பார்த்துவிட்டு வைத்த பட்டப்பெயர் "வெண்பனி இளவரசியின் சவப்பெட்டி" என்பது. அவர்கள் ஊர்க் கதையில் இளவரசியைக் கண்ணாடிப் பேழையில் கிடத்துவார்கள். நீண்ட கூரை வண்டியைக் கண்டதும் மனிதனுக்குச் சாவு வண்டியின் நினைவு வருவது எல்லா நாட்டிலும் பொதுப்போலும்.

அந்த ஏளனத்தை மாற்றிய ஆண்டு 1994. அவ்வாண்டு இரண்டு நிகழ்ச்சிகள். அதே வால்வோ கம்பெனியார் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்துக்கு 850 என்ற தங்கள் எஸ்டேட் வண்டிகள் இரண்டை அனுப்பினர். டாம் வாக்கின்ஷாவின் குழு தயார் செய்தது; ரிக்கார்ட் ரைடெல், யான் லாமர்ஸ் என்ற இருவர் ஓட்டினர். பந்தயத் திடலில் பெட்டி போன்ற வண்டியைக் கண்டவர்கள் சிரித்தார்கள். சிரிப்பவர்களுக்கு விருந்தாக, ஒரு முறை அணிவகுப்பின்போது பஞ்சடைத்த பெரிய நாய்ப் பொம்மை ஒன்றைப் பின்பக்கத்தில் உட்கார்த்தி வைத்து ஓட்டினார்களாம். பந்தயம் எதையும் அவ்வண்டிகள் வெல்லவில்லை. ஆயினும் எஸ்டேட் வண்டியும் பந்தயத்தில் ஓடலாம் என்பது மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. மறு ஆண்டு பின்புற இறகுகளுக்கு விதிகள் இடம்கொடுத்ததால் செடானுக்கு மாறிக்கொண்டனர்.

மற்றொரு நிகழ்ச்சி ஜெர்மனியில் நடந்தது. ஆடி கம்பெனியாரும் போர்ஷே கம்பெனியாரும் கூடி ஆர்எஸ்2 அவான்ட் என்ற வண்டியைக் கொண்டுவந்தனர். ஆடி 80 என்ற குடும்ப வண்டியின் நீண்ட கூடு, 2.2 லிட்டர் கொள்ளளவுள்ள ஐந்து சிலிண்டர் எஞ்சின், டர்போவின் உதவியால் 315 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் விசை, பிரேக்குகள் போர்ஷேயினுடையவை. போர்ஷேயின் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டு மொத்தம் 2,900-க்குச் சற்றுக் குறைவாக வெளிவந்தன. கட்டிலும் மெத்தையும் ஏற்றிப்போகும் வண்டி ஸ்போர்ட்ஸ் காரோடு போட்டியிட்டது. அந்த வம்சத்தில் வந்த ஆர்எஸ்6 அவான்ட், 560 குதிரைத்திறனோடு 2015-இல் இந்தியாவுக்கும் வந்தது. அதன் விலை 1.35 கோடி ரூபாய். அத்தோடு அந்தப் பேச்சை நாங்கள் விட்டுவிட்டோம்.

நம் நாட்டில் இவ்வகை வண்டிகளுக்கு என்றுமே நல்ல காலம் இருந்ததில்லை. 1992-இல் டாடா எஸ்டேட் வந்தது. பின்னர் மாருதியின் பலேனோ ஆல்டுரா வந்தது. இரண்டையும் மெச்சியவர்கள் பலர், வாங்கியவர்கள் சிலர். எங்கள் வண்டி, 2017-இல் இந்தியாவில் அறிமுகமான வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி. ஒருவர் இரண்டாண்டு ஓட்டியதை 2020-இன் தொடக்கத்தில் வாங்கினோம். வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று, அடுத்த வீட்டு மராத்தியப் பெரியவர் அதன் நீளத்தைக் கண்களால் அளந்துவிட்டு, "மருத்துவமனை ஏதேனும் தொடங்கியிருக்கிறீர்களா?" என்று மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். சவப்பெட்டியைவிட ஆம்புலன்ஸ் மேல் என்று நினைத்துக்கொண்டோம்.

ஓட்டிப் பார்த்ததில் கண்டதைச் சொல்கிறோம். இதன் எஞ்சின் இரண்டு லிட்டர் டீசல், 235 குதிரைத்திறன். எண்ணிக்கையில் பழைய வண்டியைவிடக் குறைவு. ஆனால் சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசை 480 நியூட்டன் மீட்டர். அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,750 சுற்றுச் சுற்றும்போதே கிடைத்துவிடுகிறது. டர்போ வண்டிகளில் மிதித்ததும் ஒரு கணம் ஒன்றும் நிகழாமல் பிறகு திடீரென இழுக்கும் தாமதம் ஒன்று உண்டு. அதைப் போக்க இரண்டு லிட்டர் கொள்ளும் ஒரு சிறு கலத்தில் காற்றை அழுத்தி வைத்திருந்து, மிதித்தவுடன் அதை ஊதி டர்போவை முடுக்கி விடுகிறார்கள். புனேயை விட்டுப் புறப்பட்டுச் சாத்தாரா போகும் வழியில் கம்பாட்கி ஏற்றம் வரும். ஐந்து பேரும் மூட்டைகளுமாக அந்த ஏற்றத்தில் லாரிகளை ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும்போது, பழைய வண்டியின் உச்சஸ்தாயிப் பாட்டு இல்லை. ஆனால் அவசரமற்ற ஒரு வலிமை இருக்கிறது. எஞ்சினை அலற வைத்தால்தான் வேகம் என்று எண்ணியிருந்த எங்களுக்கு இது ஒரு பாடமாயிற்று.

வளைவுகளில் இது பழைய வண்டி அன்று. அதை மறைப்பதற்கில்லை. சாதாரண வி90 வண்டியைவிட இதை ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடைவெளி 210 மில்லிமீட்டர். ஈர்ப்பு மையத்தைப் பற்றிச் சற்றுமுன் பேசிய பேச்சில் கொஞ்சத்தை இதனால் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கிடைத்த இலாபம், வேகத்தடைகளை நேராகவே ஏறிக் கடக்கிறோம். இருக்கையும் சரியாக இடுப்பு உயரத்தில் இருப்பதால் அம்மாள் கீழே இறங்கவும் வேண்டாம், மேலே ஏறவும் வேண்டாம். கதவைத் திறந்து பக்கவாட்டில் அமர்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்கிறார். நீளம் ஏறக்குறைய ஐந்து மீட்டர். புனே பேட்டைத் தெருக்களில் இதை நிறுத்த இடம் தேடுவது தனித் தண்டனை.

இவ்வகை வண்டியை ஓட்டத் தொடங்குபவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய சில நுட்பங்கள் உண்டு. செங்குத்தான பின்புறத்தின் அருகே காற்று சுழன்று அழுத்தம் குறைகிறது. சாலைத் தூசியும் சேறும் அங்கே இழுக்கப்பட்டுக் கண்ணாடியில் படிகின்றன. பின்கண்ணாடிக்கு வைப்பர் வைத்திருப்பது அலங்காரத்துக்கு அன்று. பின்கதவைத் திறந்தபடி ஓட்டினால் புகைக்குழாயின் புகையே உள்ளே வந்துவிடும். நீளமான சாமானுக்காக அப்படிக் கட்டிக்கொண்டு போவது ஆபத்து. பாரம் ஏற்றுவதிலும் முறை உண்டு. இதில் பின்னிருக்கைக்குப் பின்னால் 560 லிட்டர் இடம் இருக்கிறது. இடம் இருக்கிறதே என்று கனமானதை வால்புறத்தில் வைத்தால், பின் ஆக்சிலுக்கு அப்பால் தொங்கும் அந்தப் பாரம் முன்சக்கரங்களைத் தூக்கிவிடும், ஸ்டியரிங் இலேசாகும். கனத்தை எப்போதும் கீழே, பின்னிருக்கையின் முதுகோடு ஒட்டி வைக்க வேண்டும். மேலே அடுக்குவது துணியும் மெத்தையுமாக இருக்கட்டும். செடானில் டிக்கி தனி அறை. இங்கே சாமானும் மனிதரும் ஒரே அறையில். திடீரென்று மோதி நின்றால் கட்டாத ஒரு பித்தளைக் குடம் தன் எடையைப்போல் பல மடங்கு விசையோடு முன்னிருப்பவர் தலையை நோக்கி வரும். ஆகவே வலையும் கொக்கிகளும் இருக்கின்றன, பயன்படுத்துவோர் குறைவு.

எங்கள் ஸ்போர்ட்ஸ் காரை நாசிக்கிலிருந்து வந்த ஓர் இளைஞர் வாங்கிப்போனார். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். கூரையைத் திறந்து மூடிக் காட்டியபோது இருவர் முகத்திலும் தோன்றிய மகிழ்ச்சியைக் கண்டு, நாங்கள் ஒன்றும் எச்சரிக்கை சொல்லவில்லை. தெருமுனையில் திரும்பும்போது எஞ்சின் ஒருமுறை உயர்ந்து ஒலித்தது. எங்களில் ஒருவருக்குக் கண் கலங்கியது; அது யார் என்று சொல்ல மற்றவருக்கு அனுமதியில்லை.

2021-ஆம் ஆண்டில், தமையனாரின் மூன்றாம் ஆண்டுத் திதிக்குத் திருச்சிக்குப் புறப்பட்டோம். முன்னே நாங்கள் இருவரும், மூன்று மணிக்கொருமுறை இடம் மாறிக்கொண்டு. பின்னே அம்மாள், கால் நீட்டித் தலையணை வைத்துக்கொண்டு. இரவு எட்டு மணிக்குக் கிளம்பி ஹுப்ளியில் காப்பி குடித்தோம். சித்ரதுர்காவில் பொழுது விடிந்தது. சேலத்தில் சாப்பாடு. பிற்பகல் மூன்று மணிக்குத் திருச்சி வீட்டு வாசலில் அம்மாள் தாமாகவே இறங்கி நின்று, கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். திரும்பும்போது அண்ணியார் கொடுத்தனுப்பிய பொன்னி அரிசி மூட்டை, கல் கிரைண்டர், மாவடு ஜாடிகள் இரண்டு, தமையனார் உட்காரும் சாய்வு நாற்காலி ஆகிய எல்லாம் பின்னால் ஏறின. அரிசியையும் கிரைண்டரையும் கீழே, இருக்கையின் முதுகோடு ஒட்டி வைத்தோம். நாற்காலியை மடித்து மேலே படுக்க வைத்து வலையால் கட்டினோம். அம்மாள் பக்கத்தில் நின்று, ஜாடி சாய்ந்துவிடப் போகிறது என்று மும்முறை சொன்னார். சாயவில்லை.